வேறு பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு கணினிப் படிப்பு

பிரிட்டனில் வரலாறோ உயிரியலோ இசையோ படித்துப் பட்டம் வாங்கியவர், ஓராண்டு படித்துக் கணினி அறிவியலில் எம்.எஸ்சி. வாங்கிவிடலாம். இதற்கென்றே நடத்தப்படும் படிப்பை அங்கே ‘கன்வர்ஷன் கோர்ஸ்’ என்கிறார்கள். பர்மிங்ஹாம், பிரிஸ்டல், யார்க், லண்டனின் இம்பீரியல் காலேஜ், யுனிவர்சிட்டி காலேஜ் எனப் பல இடங்களில் இது உண்டு. சட்டத்துக்கும் உளவியலுக்கும் இப்படிப்பட்ட படிப்புகள் வெகுகாலமாக இருப்பதால், கணினிக்கும் ஒன்று இருப்பது அங்கே யாருக்கும் விநோதமாகப் படுவதில்லை.

இதன் தேவை அந்த நாட்டுப் பள்ளிமுறையிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குப் பின் பல மாணவர்கள் மூன்று பாடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். பதினெட்டில் பல்கலைக்கழகம் போனால் பெரும்பாலும் ஒரே பாடம்தான். விவரம் தெரியாத வயதில் எடுத்த முடிவை இருபத்தொரு வயதில் மாற்றிக்கொள்ள ஒரு வாசல் வேண்டியிருக்கிறது.

ஆனால் வரலாற்றைப் பார்த்தால், வாசல்தான் முதலில் வந்தது. வீடு பின்னால்தான் கட்டப்பட்டது. கேம்பிரிட்ஜில் ‘எட்சாக்’ என்ற கணிப்பொறி 1949-இல் இயங்கத் தொடங்கியது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களை உருவாக்க, 1953-இல் அந்தப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கான ஓராண்டு டிப்ளமோவைத் தொடங்கியது. கணினி இளநிலைப் பட்டம் என்று ஒன்றே அப்போது கிடையாது. வந்து சேர்ந்தவர்கள் எல்லோருமே வேறு பாடத்துக்காரர்கள். பிரிட்டனின் முதல் கணினி அறிவியல் இளநிலைப் படிப்பு மான்செஸ்டரில் 1965-இல்தான் வந்தது. கேம்பிரிட்ஜ் டிப்ளமோ 2007-08 கல்வியாண்டு வரை நடந்தது.

இன்றைய கன்வர்ஷன் எம்.எஸ்சி.யின் அளவு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது அங்குள்ள கணக்கு. ஆக மொத்தம் 1,800 மணி நேரம். அதில் வழக்கமாக 120 கிரெடிட் வகுப்புப் பாடங்களுக்கு, 60 கிரெடிட் கோடைகாலத்தில் செய்யும் ப்ராஜெக்டுக்கு. மூன்றாண்டு இளநிலைப் பட்டமோ 360 கிரெடிட். வகுப்புப் பாடம் என்று பார்த்தால், இளநிலை மாணவரின் மொத்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இவர் தொடுகிறார். நிரலாக்கம், டேட்டாபேஸ், அல்காரிதம், நெட்வொர்க், மென்பொருள் பொறியியல் ஆகியவை இடம்பெறுகின்றன. கம்பைலர் எப்படி இயங்குகிறது, கணிமையின் கோட்பாட்டு எல்லைகள் என்ன என்பவை பெரும்பாலும் விடுபடுகின்றன. கணிதமும் தேவைக்கு மட்டும்தான். முதுநிலை என்ற பெயரில் முதலாண்டு இளநிலைப் பாடம் நடக்கிறதே என்ற குறை உண்டு. அது முற்றிலும் பொய்யும் இல்லை. முதல் மாதத்தில் நடப்பது அடிப்படைப் பாடம்தான், ஆனால் ஓட்டுகிற வேகம் வேறு.

அந்த வேகம் முதலில் உறைப்பது நிரலாக்க வகுப்பில். பெரும்பாலும் பைத்தான் அல்லது ஜாவா. ஐந்து பெயர்கள் கொண்ட பட்டியலை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது இரண்டாம் வாரத்துப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். மாணவர் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணச் சொல்லி எழுதுகிறார். ஓட்டிப் பார்த்தால் முதல் பெயரைக் காணோம். நான்கு பெயர்கள் வந்தபின் நிரல் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடுகிறது. கணினி பட்டியலைச் சுழியத்திலிருந்து எண்ணுகிறது. ஐந்தாவது பெயரின் எண் நான்கு. ஐந்து என்ற எண்ணில் எதுவுமே இல்லை. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் இத்தகைய பிழையைத் தானாகத் தேடிப் பிடிக்கும் பழக்கம் வர வாரங்கள் ஆகும். அதற்குள் பாடம் அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருக்கும். சேருவதற்கு முந்தைய கோடையிலேயே ஒரு மொழியில் கொஞ்சம் எழுதிப் பழகிக்கொண்டு வருகிறவருக்கு இந்த முதல் பருவம் பாதிச் சுமைதான்.

கோடைகால ப்ராஜெக்டில் பழைய பாடம் மறுபடி கைகொடுக்கிறது. விலங்கியல் படித்தவர் பறவைக் குரல்களை இனம் பிரிக்கும் நிரல் எழுதலாம். வரலாறு படித்தவர் பழைய பதிவேடுகளைத் தேடத்தக்க டேட்டாபேஸாக மாற்றலாம். இளநிலையில் கணினி படித்தவருக்கு இந்தத் துறைகளில் எது முக்கியம், எது குப்பை என்று தெரிந்திருக்காது. கன்வர்ஷன் மாணவரின் உண்மையான பலம் இதுதான். கணினித் திறனில் மட்டும் போட்டியிட்டால் அவர் பின்தங்கியே இருப்பார்.

அரசும் இத்தகைய படிப்புகளைக் கவனித்திருக்கிறது. இங்கிலாந்தில் முதுநிலை மாணவர்களுக்கு 10,000 பவுண்டு வரை அரசுக் கடன் 2016-இல் வந்தது. 2019-இல், செயற்கை நுண்ணறிவிலும் தரவு அறிவியலிலும் 2,500 கன்வர்ஷன் இடங்களுக்கு நிதி அறிவிக்கப்பட்டது. அவற்றோடு 1,000 உதவித்தொகைகள். பெண்கள், கறுப்பினத்தவர், மாற்றுத்திறனாளிகள் என இந்தத் துறையில் குறைவாக இருப்பவர்களைக் கொண்டுவருவது நோக்கம்.

இந்தியாவில் கன்வர்ஷன் படிப்புக்கு நெருங்கிய உறவு எம்.சி.ஏ. முன்பு மூன்றாண்டாக இருந்த இதை 2020-21 முதல் இரண்டாண்டாகத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. குறைத்தது. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருந்தால் வேறு பட்டதாரிகளும் சேரலாம். கணினிப் பின்னணி இல்லாதவர்களுக்கு பிரிட்ஜ் கோர்ஸ். தமிழ்நாட்டில் டான்செட் நுழைவுத்தேர்வு மதிப்பெண் வழியாக இடம் கிடைக்கிறது. ஒரு வித்தியாசம் பெரியது: எம்.சி.ஏ. வகுப்பில் பி.சி.ஏ. முடித்தவரும் பி.காம். முடித்தவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். கன்வர்ஷன் வகுப்பில் எல்லோரும் புதியவர்கள்.

பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கும் தமிழ் மாணவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தவர் கன்வர்ஷன் படிப்புக்கு விண்ணப்பித்தால் நிராகரிப்பு வரலாம். மதிப்பெண் குறைவு என்பதால் இருக்காது, ஏற்கெனவே தெரிந்தவர் என்பதால்தான். பெயர்களும் குழப்பும். இம்பீரியலில் ‘எம்.எஸ்சி. கம்ப்யூட்டிங்’ வேறு பாடத்தாருக்கானது, ‘அட்வான்ஸ்டு கம்ப்யூட்டிங்’ கணினி படித்தவர்களுக்கு. யுனிவர்சிட்டி காலேஜின் ‘எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ்’ கன்வர்ஷன் படிப்பு. எடின்பரோவில் அதே பெயரில் உள்ளது கணினிப் பின்னணியைக் கேட்கிறது. பட்டத்தின் பெயரை விட்டு, சேர்க்கைத் தகுதி என்ற பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

வேலைத் தேடலிலும் ஒரு நெருக்கடி உண்டு. பெரிய நிறுவனங்கள் பல, பட்டதாரிகளை எடுக்கும் விண்ணப்பங்களை இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடுகின்றன. செப்டம்பரில் சேர்ந்தவர் அப்போது பட்டியலை எண்ணப் பழகிக்கொண்டிருப்பார். ஆனால் நேர்முகத் தேர்வின் நிரலாக்கச் சோதனை யாருக்கும் காத்திருப்பதில்லை. உள்நாட்டவர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டு மாணவருக்கு விசா நாள்கள் ஓடுகின்றன: படித்து முடித்தபின் தங்கி வேலை தேட 2021-இல் தொடங்கிய கிராஜுவேட் ரூட் விசா இரண்டாண்டு தந்தது, அதை 18 மாதமாகக் குறைப்பதாக 2025-இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. வகுப்பறைப் பாட முதுநிலைப் படிப்புக்கு வருபவர்கள் குடும்பத்தை அழைத்துவரும் வழியும் 2024 ஜனவரியிலிருந்து அடைபட்டிருக்கிறது.