பத்துப் படுக்கை, ஒரு பராமரிப்பாளர்: ஜெஞ்சாரோமில் ஒரு கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். முதியோர் இல்லத்தில் இரவு பகலாக ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டுமானால் இந்த 168 மணியும் நிரம்ப வேண்டும். மலேசியாவில் சட்டப்படியான வார வேலை நேரம் 2022 வரை 48 மணி, 2023 ஜனவரி முதல் 45 மணி. ஒரே பணியிடத்துக்கு அன்று 3.5 பேர் போதும், இன்று 3.73 பேர் தேவை.

குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் 13 விழுக்காட்டையும் சேர்த்தால், அந்த ஒரு பணியிடத்தின் மாதச் செலவு 5,933 ரிங்கிட்டிலிருந்து 7,172 ரிங்கிட்டாகிறது: 20.9 விழுக்காடு உயர்வு. பத்து முதியவருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 593 ரிங்கிட், இப்போது 717. விடுப்பு, மிகைநேரம் இதில் இல்லை.

வறிய முதியவருக்கான அரசு உதவித்தொகையை அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். அது 2021இல் 350 ரிங்கிட்டிலிருந்து 500 ஆனது, 2025இல் 600. 2022இல் பற்றாக்குறை 93 ரிங்கிட், இப்போது 117.

சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோமில் ஒரு குடும்பம் எங்கே போகும்? உறவினர் இல்லாதவருக்கு அரசின் ஸ்ரீ கெனாஙான் இல்லங்கள் உண்டு. ஆனால் 60 வயது நிறைந்து, தம் வேலையைத் தாமே செய்துகொள்பவராக இருக்க வேண்டும். ஆதரவற்றுப் படுத்த படுக்கையானவர்களுக்கான ஏசான் இல்லங்கள் நாட்டிலேயே 2: கோல குபு பாரு, டுங்குன். முதலாவது சிலாங்கூரில்தான், ஆனால் மாநிலத்தின் மறுகோடியில். பிள்ளைகள் உள்ளவருக்குத் தனியார் இல்லமே வழி. நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கினால் 1993ஆம் ஆண்டின் 506ஆம் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். உணவு, உறைவிடம், அன்றாடக் கவனிப்பு அதன் எல்லை. குழாய்வழி உணவு, புண்ணுக்குக் கட்டு என்றால் தாதியர் இல்லம். அதற்கு 1998ஆம் ஆண்டின் 586ஆம் சட்டம், சுகாதார அமைச்சின் உரிமம். முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கெனத் தனியே வந்த 802ஆம் சட்டம் 2018இல் அரசிதழில் வெளியானது. அமலாக்கம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. முதியவரின் உடல்நிலை அதுவரை காத்திருப்பதில்லை. தாமே குளித்தவருக்கு ஒரு பக்கவாதத்துக்குப் பின் இருவர் தேவைப்படலாம்.

தேவையும் ஏறுகிறது. 65 வயதுக்கு மேற்பட்டோர் 2010இல் மக்கள்தொகையில் 5 விழுக்காடு, சுமார் 14 லட்சம், 2020இல் 6.8 விழுக்காடு, சுமார் 22 லட்சம். பத்தாண்டில் ஏறத்தாழ 57 விழுக்காடு கூடுதல். மொத்த மக்கள்தொகையோ சுமார் 14 விழுக்காடுதான் பெருகியது.

பத்துப் பேருக்கு ஒருவர் என்பது படுக்கையில் இருப்போருக்குப் போதாது என்றே கருதுகிறேன். இருவர் என்றால் தலைக்கு 1,434 ரிங்கிட்; 600 ரிங்கிட் உதவி அதில் 42 விழுக்காடு. வாடகை, சாப்பாடு, மருந்து, டயப்பர் இதற்கு மேல்.