செவிலியர் பணியும் இயற்கை மருத்துவமும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் நம் பெண்மக்கள் பலர் நர்ஸ் படிப்பை நாடுகின்றனர். வேலையில் அமர்ந்து சில ஆண்டுகள் சென்றபின், இயற்கை மருத்துவத்தையும் கற்றுக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அவர்களுள் சிலருக்கு எழுகிறது. மருந்துக்கடையில் பணியாற்றுவோருக்கும் பிசியோதெரபி பயின்றோருக்கும் இதே எண்ணம் உண்டு. பெற்றோரோ, "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்கலாமா?" என்று அஞ்சுகின்றனர். நீரையும் மண்ணையும் கொண்டு செய்யப்படும் மருத்துவத்திற்கு இப்பழமொழி பொருந்தி வருவது வேடிக்கையே! இரண்டையும் இணைக்கலாம் என்பதே நமது கருத்து. ஆயினும், எது எங்கே முடிகிறது என்பதை அறிந்தவர்களே இணைக்க வேண்டும். பட்டாசு நாட்டில் இது உயிரோடு விளையாடும் விஷயம்.

சிவகாசியில் 'மருந்து' என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்துதான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். வறண்ட காற்றும் குறைந்த மழையும் அத்தொழிலுக்கு ஏற்றவையாய் அமைந்தன. பட்டாசுத் தொழில் அதன் வழியே வளர்ந்தது. இன்று நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் காலை முதல் மாலை வரை தரையில் அமர்ந்து காகிதக் குழாய் சுற்றுகின்றனர், திரி வைக்கின்றனர், மருந்து செலுத்துகின்றனர். அலுமினியத் தூளும் கந்தகமும் கையிலும் மூச்சிலும் படிகின்றன. இடுப்புவலி, முழங்கால்வலி, கண்ணெரிச்சல், தீராத இருமல் ஆகிய இவற்றோடு வாழ்வதே பழக்கமாகிவிட்டது. இத்தகைய நாட்பட்ட தொல்லைகளுக்கு வலிமாத்திரைகளை மட்டும் விழுங்கிக்கொண்டிருப்போர் இயற்கை மருத்துவத்தை நாடுவதில் வியப்பில்லை.

இவ்விணைப்புக்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே சிறந்ததொரு முன்மாதிரி உண்டு. ஜெர்மனியின் பவேரியா நாட்டில் 1821-இல் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் செபஸ்தியான் க்னைப். குருமாணவராய் இருந்தபோது காசநோய் அவரை வாட்டியது. நீர்ச்சிகிச்சை பற்றிய பழைய நூலொன்று அவர் கைக்குக் கிடைக்கவே, 1849-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் டான்யூப் நதியில் ஒருசில விநாடிகள் மூழ்கியெழும் பழக்கத்தை மேற்கொண்டார், உடல் தேறினார். 1852-இல் குருப்பட்டம் பெற்று, 1855 முதல் வோரிஸ்ஹோஃபன் என்னும் சிற்றூரில் கன்னியரின் ஆன்ம குருவாகவும், பின்னர் பங்குக் குருவாகவும் பணியாற்றினார். ஏழைகள் அவரிடம் திரண்டனர். போலி வைத்தியர் என்று மருத்துவர்கள் அவர்மீது குற்றஞ்சாட்டியதும் உண்டு. 1886-இல் வெளிவந்த அவரது நீர்ச்சிகிச்சை நூல் ஐரோப்பாவெங்கும் பரவியது. 1893-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் அவருக்கு மான்சிஞ்ஞோர் பட்டமளித்துச் சிறப்பித்தார்.

அவரது புகழைக் காட்டிலும் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது வேறொன்று உண்டு. தம்மைத் தூற்றிய மருத்துவ உலகை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. பட்டம் பெற்ற மருத்துவர்களைத் தம்மோடு அமர்த்திக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தார். 1894-இல் அவரது முறையைப் பின்பற்றும் மருத்துவர்களின் சங்கமே உருவாயிற்று. 1897-இல் அவர் மறைந்த பின்னும் அம்முறை நிலைத்ததற்கு இந்த ஒத்துழைப்பும் ஒரு காரணம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இயற்கை மருத்துவத்தின் பெரும் ஆதரவாளர் காந்தியடிகள். மண்பட்டியும் இடுப்புக் குளியலும் அவருடைய அன்றாடப் பழக்கங்கள். அப்படிப்பட்டவரே, 1924 ஜனவரியில் எரவாடா சிறையில் குடல்வால் அழற்சியால் துன்புற்றபோது, புனேயின் சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவர் மாடக்கின் கத்திக்கு இசைந்தார். அறுவையின் நடுவில் மின்விளக்கு அணைந்துபோக, லாந்தர் வெளிச்சத்தில் பணி முடிக்கப்பட்டது. குடல்வால் அழற்சிக்கு மண்பட்டி போதும் என்று வாதாடும் அன்பர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக!

இனி, இரண்டும் கற்ற ஒரு செவிலியால் என்ன நன்மை விளையும்? பகலெல்லாம் அமர்ந்து உழைத்த பெண்மணிக்கு வெந்நீரில் பாதங்களை வைத்தெடுக்கும் பாதக்குளியல் இதமளிக்கும். அதற்கு வாளியில் பாதித் தண்ணீர் போதும். குடிநீருக்கே குடத்துடன் காத்திருக்கும் நம் ஊர்களில் இது சிறிய செய்தியன்று. ஆனால் அந்தப் பெண்மணிக்கு நீரிழிவு இருந்து, பாதங்கள் மரத்துப்போயிருந்தால், சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். நர்ஸாகப் பழகியவர் முதலில் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். நீரின் சூட்டைத் தம் முழங்கையால் சோதிப்பார். உண்ணாநோன்புச் சிகிச்சையும் அத்தகையதே. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடப்பவருக்குச் சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவதும் அதே அளவு கேடு. இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அளந்து பார்த்து, மருத்துவரைக் கேட்டு, அதன்பின் உணவுமுறையைச் சொல்லிக்கொடுக்கும் திறன் இருவகைக் கல்வியும் உடையவருக்கே எளிது. தீராத இருமலோடு வருபவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் நீராவி பிடிக்கச் சொல்லிக் காலங்கடத்துவது பெருந்தவறு. காசநோய் இன்னும் நம்மை விட்டு அகன்றபாடில்லை.

மண்பட்டி பற்றியும் ஒரு சொல். ஆழத்தில் தோண்டியெடுத்து வெயிலில் உலர்த்திச் சலித்த மண்ணையே அதற்குப் பயன்படுத்துவர். பட்டாசு ஆலைகளையும் கழிவு எரிக்கும் இடங்களையும் அடுத்துள்ள மண் இதற்கு அறவே ஆகாது.

தீக்காயத்துக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் ஆலையொன்று வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டதை நம் மக்கள் மறக்கவில்லை. அதன் பின்னும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் உட்பட, விபத்துகள் தொடர்ந்தன. வெந்த உடலில் மண்ணோ, எண்ணெயோ, மையோ, பற்பசையோ பூசலாகாது. ஒட்டியிருக்கும் உலர்ந்த தூளைத் தட்டிவிட்டு, சாதாரணக் குளிர்ச்சியுள்ள ஓடும் நீரில் 20 நிமிடம் காயத்தைக் காட்டி, தூய துணியால் தளர்வாக மூடி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி வேண்டா. இங்கே நீரும் மருந்தாகிறது. ஆனால் அதன் பணி அந்த 20 நிமிடத்தோடு முடிகிறது. (எரியும் அலுமினியத் தூளின்மீது தண்ணீர் ஊற்றுவது கேட்டை விளைவிக்கும், அதற்கு உலர்மணலே ஏற்றது.) நல்ல சமாரியர் எண்ணெயும் இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டியதோடு நின்றுவிடவில்லை, அடிபட்டவரைச் சத்திரத்தில் சேர்த்துவிட்டே சென்றார். இன்று நமக்குச் சிவகாசி அரசு மருத்துவமனையும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன.

படிக்க விரும்புவோர் அறியவேண்டியவை சில. இயற்கை மருத்துவ மருத்துவராவதற்குரிய பட்டப்படிப்பு, பயிற்சியாண்டு உட்பட ஐந்தரை ஆண்டுகள். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. புனேயில் 1986 முதல் இயங்கும் தேசிய இயற்கை மருத்துவ நிறுவனத்தில் சிகிச்சை உதவியாளர்களுக்கான ஓராண்டுப் பயிற்சி உண்டு. காந்தியடிகள் தங்கிச் சிகிச்சை பெற்ற இல்லம் அது. தபால்வழிச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டு 'டாக்டர்' எனப் பலகை எழுதுவோரிடம் எச்சரிக்கை தேவை. 1996-இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கொன்றில், ஹோமியோபதி மட்டுமே பயின்ற ஒருவர் காய்ச்சல் கண்டவருக்கு ஆங்கில மருந்து கொடுத்தார்; நோயாளி இறந்தார். தாம் கல்லாத முறையில் மருத்துவம் செய்ததே கவனக்குறைவு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனவே, மருத்துவமனைப் பணியை விட்டுவிடாமல், விடுமுறை நாட்களில் பங்கு மக்களுக்குப் பாதக்குளியலும் மூச்சுப் பயிற்சியும் உணவுமுறையும் கற்றுக்கொடுக்க முன்வரும் செவிலியரை நாம் வரவேற்கிறோம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, உட்கொள்ளும் மாத்திரை, அளந்த இரத்தக் கொதிப்பு, செய்த சிகிச்சை யாவற்றையும் எழுதிவருவார்களாக. நோயாளி அடுத்தமுறை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்கையில் அதைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டட்டும்.