கூண்டுக்குள் சுருண்டிருக்கும் விருந்தாளி: பொறி வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் கூண்டைத் திறந்தால் இரண்டு கோழிகள் குறைகின்றன. இறகு சிதறவில்லை. ரத்தம் சிந்தவில்லை. கதவும் பூட்டியது பூட்டியபடியே இருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் சந்தேகம் முதலில் பக்கத்து வீட்டார் மீதுதான் பாய்கிறது. கம்பத்திலும் தாமானிலும் நல்ல உறவுகள் முறிந்துபோனதற்குக் கோழியும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது. நேர்த்திக்கடனுக்காக வளர்த்த சேவல் காணாமல் போனாலோ கேட்கவே வேண்டாம். பிறகு ஒருநாள் கூண்டின் மூலையில் வயிறு உப்பிய மலைப்பாம்பு ஒன்று நகர முடியாமல் சுருண்டு கிடக்கும்போதுதான் உண்மை வெளிச்சத்துக்கு வருகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுப் பிராணிகளைத் தூக்கும் வனவிலங்குகளில் முதலிடம் சாவா பாத்தேக் எனப்படும் வலைக்கோட்டு மலைப்பாம்புக்குத்தான். உலகிலேயே மிக நீளமாக வளரும் பாம்பு இனம் இது. செம்பனைத் தோட்டமானாலும் நகரத்துக் கால்வாயானாலும் எலி இருக்கும் இடத்தில் இதற்குப் பஞ்சமில்லை. தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூண்டு கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். அதே வேலையை ஊதியமில்லாமல் செய்துவரும் இந்தப் பாம்பு, வழியில் ஒரு கோழிக்கூண்டைக் கண்டால் அதையும் விட்டுவைப்பதில்லை. அதன் உதட்டோரக் குழிகள் இரையின் உடல் வெப்பத்தை உணரக்கூடியவை. ஆகவே கும்மிருட்டிலும் கோழி எங்கே அடைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியும்.

மெலிந்த உடலோடு உள்ளே நுழைந்த அதே ஓட்டை வழியாக, கோழியை விழுங்கிய பிறகு அதனால் வெளியேற முடிவதில்லை. பல மலைப்பாம்புகள் கையும் களவுமாகச் சிக்குவது இதனால்தான். அதாவது, ஓட்டையுள்ள கூண்டே ஒரு பொறிதான். என்ன, இரைக்கான செலவு வீட்டுக்காரருடையது!

குற்றவாளி யார்?

ஆத்திரத்தில் பொறி தேடி ஓடுவதற்கு முன்னால் எந்த விலங்கு வந்தது என்று பார்ப்பது நல்லது. ஒவ்வொன்றும் தன் கையெழுத்தை விட்டுத்தான் போகிறது.

மலைப்பாம்பு முழுதாக விழுங்கும். எனவே தடயம் குறைவு. சில நாள்கள் கழித்து உரித்த சட்டையோ, சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளை கலந்த எச்சமோ அருகில் கிடைக்கலாம். வயிறு நிறைந்த பாம்பு பல நாள்கள், சில வேளைகளில் பல வாரங்கள்கூட இரை தேடாமல் இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு ஒரு கோழி வீதம் வாரம் முழுவதும் குறைந்துகொண்டே வந்தால், அது மலைப்பாம்பின் வேலையாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

முசாங் எனப்படும் மரநாயின் பாணி வேறு. இரவில் கூரை வழியாகவும் மரக்கிளை வழியாகவும் வரும். கழுத்திலும் தலையிலும் கடித்திருக்கும். இறகு பறந்து கிடக்கும். பாதி தின்ற கோழியைப் போட்டுவிட்டும் போகும். உண்மையில் இது பழப்பிரியன். பப்பாளி, ரம்புத்தான், மாம்பழம் என்று எதையும் விடாது. மதில்மேல் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தால் சந்தேகமே வேண்டாம், முசாங்தான். சிங்கப்பூரின் சிக்லாப், ஒப்பேரா எஸ்டேட் வட்டாரங்களில் தரைவீட்டுக் கூரைகளுக்குள் இவை குடும்பம் நடத்துவது பலரும் அறிந்த செய்தி.

பட்டப்பகலில் முட்டையும் குஞ்சும் மறைந்தால் பியாவாக் எனப்படும் நீர் உடும்பைத் தேட வேண்டும். வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்து வரும். அக்கம்பக்கத்தில் ஆறோ பெரிய கால்வாயோ இருக்கும். ஒரே இரவில் பத்துக் கோழிகள் செத்துக் கிடந்து எதுவுமே தின்னப்படாமல் இருந்தால், பெரும்பாலும் அது காட்டு விலங்கே அல்ல. தெருநாய்.

இவற்றோடு இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. எலிக்காகவும் முட்டைக்காகவும் கோழிக்கூண்டுக்குள் நாகப்பாம்பும் வரும். நம் வட்டாரத்தில் உள்ள கரிய நாகம் விஷத்தை நேராகக் கண்ணை நோக்கித் துப்பக்கூடியது. விடிவதற்கு முன்பு, விளக்கில்லாமல், முட்டை எடுக்கக் கூண்டுக்குள் கையை விடுவது நம் பெரியவர்கள் பலரிடமும் உள்ள பழக்கம். கோழி போனால் வேறு கோழி வாங்கலாம். விஷம் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையில் டார்ச்சும் ஒரு நீண்ட குச்சியும் எடுத்துச் செல்வது பெரிய சிரமமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

“என் வீடு, என் கோழி, நான் பொறி வைத்தால் யார் கேட்பது?” என்பது அடிக்கடி எழும் கேள்வி. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கேட்கிறது. மலைப்பாம்பு, நீர் உடும்பு, முசாங் ஆகியவை அதன்கீழ் பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் அவற்றை வேட்டையாடுவதும் பிடித்து வைத்துக்கொள்வதும் குற்றம். வனவிலங்கைப் பிடிக்கச் சுருக்குக் கண்ணி வைப்பதை இச்சட்டம் இன்னும் கடுமையாகப் பார்க்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தண்டனைகளை மேலும் உயர்த்தியது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியின்றிப் பொறி வைக்கவோ கொல்லவோ முடியாது. பிடித்ததை இன்னோர் இடத்தில் கொண்டுபோய் விடவும் கூடாது.

மலைப்பாம்பின் தோலுக்காக உரிமம் பெற்று வேட்டையாடுவோர் மலேசியாவில் இருக்கிறார்கள், அந்தத் தோல் வெளிநாட்டுக் கைப்பையாகவும் ஆகிறது. அப்படியிருக்க, கோழியைப் பறிகொடுத்தவர் மட்டும் கைகட்டி நிற்க வேண்டுமா என்று சிலர் வெகுள்கிறார்கள். வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிமம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு அதிகாரிகள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் வீட்டுப் பொறிகளில் வேறு வம்பு உண்டு. கூண்டைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டிவிடும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பாம்பு அதில் சிக்கும் என்பது உண்மை. செதில் இடுக்குகளில் நைலான் நூல் இறங்கி, உயிரோடு அறுபட்டுக் கிடக்கும். சிக்கியது நாகமாக இருந்தால் அதை அவிழ்ப்பது யார்? எலி விஷத்தை இறைச்சியில் வைத்தால் முதலில் சாவது அடுத்த வீட்டுப் பூனையாக இருக்கலாம். இரும்புப் பொறியில் அகப்பட்ட முசாங் தாயாக இருந்தால், கூரைக்குள் அதன் குட்டிகள் பசியில் கத்திச் செத்து, ஒரு வாரம் வீடே நாறும். வெயிலில் வைத்து மறந்துபோன பொறிக்குள் எந்த விலங்கும் மதியம்வரை தாங்காது.

பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் புகார் செய்யலாம். தேவையென்று கண்டால் அவர்களே கூண்டுப் பொறி கொண்டுவந்து வைப்பார்கள். முசாங்குக்குக் கோழியைவிடப் பழுத்த வாழைப்பழமே நல்ல இரை. மலைப்பாம்புக்குப் பொறியைவிடக் கொக்கியும் இடுக்கியும் கோணிப்பையும்தான் உதவும், அதுவும் பழகியவர்கள் கையில். பயிற்சி பெற்றவர்களும் பெரிய பாம்பைத் தனியாளாகப் பிடிப்பதில்லை. இந்தோனேசியாவின் சுலாவேசியில் 2017, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் இதே இனம் மனிதர்களையே விழுங்கியது. அவை அரிய சம்பவங்கள்தாம். என்றாலும் மூன்று மீட்டர் பாம்பைக் கையால் பிடித்துக் கைத்தொலைபேசியில் படமெடுக்கத் துடிக்கும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. இதற்கு விஷமில்லை. ஆனால் உள்நோக்கி வளைந்த பற்கள் ஆழமாகக் கிழிக்கும். கடித்த வாயிலிருந்து கையை வெடுக்கென இழுத்தால் காயம் இன்னும் பெரிதாகும்.

கூண்டு சரியில்லை என்றால்

ஒரு பாம்பைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எலியும் கோழியும் ஓட்டையும் அப்படியே இருக்கும்போது அடுத்தது வருவதற்கு அழைப்பிதழ் தேவையில்லை. இரண்டாவது, மூன்றாவது முறையாக அதிகாரிகளை அழைக்கும் வீடுகளில் மாறாமல் இருப்பது கூண்டு ஒன்றுதான்.

கடையில் கிடைக்கும் அறுகோணக் கண் கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். அவ்வளவே. நாய் அதைக் கிழித்துவிடும், இளம் பாம்பு கண் வழியாகவே நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையே ஏற்றது. பகலில் திறந்துவிட்டாலும் இரவு அடையும் பகுதியை மட்டுமாவது அந்த வலையால் மூடினால் செலவு பாதியாகக் குறையும். கோழி இரவில்தானே பறிபோகிறது! பக்கங்களை மட்டும் அடைத்துவிட்டு மேலே விட்டுவிடுவது பொதுவாக நடக்கும் தவறு. மலைப்பாம்பும் மரம் ஏறும், முசாங் பிறந்ததே மரத்தில். தரை சிமெண்டாக இல்லையென்றால் வலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்க வேண்டும். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் அங்கே ஒரு பலகைத் துண்டு தேவை. கூரையைத் தொடும் கிளையை வெட்டிவிடலாம்.

அடுத்தது எலி. இரவில் தீவனத் தட்டை எடுத்து மூடியுள்ள தகர டின்னில் வைத்தாலே பாதி எலி குறையும். கூண்டுக்குப் பின்னால் அடுக்கிய பழைய பலகை, ஓடு, லாலான் புல் புதர் எல்லாமே பாம்புக்கு வாடகையில்லா வீடு. உடைந்த கால்வாய் மூடியைச் சரிசெய்ய நகராண்மைக் கழகத்திடம் சொல்லலாம்.

உப்பு, கந்தகம், பூண்டுக் கரைசல் ஆகியவற்றைச் சுற்றித் தூவினால் பாம்பு அண்டாது என்பது மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவருமே ஒத்துப்போகும் நம்பிக்கைகளில் ஒன்று. அவற்றால் மலைப்பாம்பு திரும்பிப் போகும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. பணம் வீணானால் பரவாயில்லை. தூவியாயிற்று என்ற தைரியத்தில் ஓட்டையை அடைக்காமல் விடுவதுதான் கெடுதல்.

கோழிக்கு இவ்வளவு சொல்லும்போது நாயை மறந்துவிடலாகாது. புறம்போக்குக் காடு, கால்வாய் ஓரம் உள்ள வீடுகளில் நாயை இரவில் சங்கிலியில் கட்டிப்போட்டால் அதனால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. வேலியடைத்த இடத்தில் அவிழ்த்து விடுவதோ வராந்தாவுக்குள் கொண்டுவருவதோ மேல். பூனை இரவில் வீட்டுக்குள் இருக்கட்டும்.

கூண்டுக்குள் பாம்பைப் பார்த்துவிட்டால் கம்பை எடுக்க வேண்டாம். அடிபட்ட அதிர்ச்சியில் அது விழுங்கிய கோழியைக் கக்கிவிடும், உடல் மெலிந்து, வந்த வழியே தப்பியும் விடும். பிள்ளைகளையும் நாயையும் அப்புறப்படுத்திவிட்டு, தூரத்திலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் தொலைபேசியை எடுக்கலாம். மலேசியாவில் 999ஐ அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையோ போம்பாவோ வரும். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தை அழைக்க வேண்டும். பாம்பின் உத்தேச நீளம், நிறம், எங்கே இருக்கிறது, வயிறு உப்பியிருக்கிறதா, படமெடுத்ததா என்பதைச் சொன்னால் வருபவர்கள் அதற்கேற்ற கருவியோடு வருவார்கள். அவர்கள் கோணிப்பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, அது எந்த ஓட்டை வழியாக வந்தது என்று காட்டச் சொல்லிக் கேட்டு, பொழுது சாய்வதற்குள் அதை அடைத்துவிட வேண்டும்.