“படம் எப்படி?” என்று கேட்டால்...

“படம் எப்படி?” என்று ஒருத்தி கேட்கிறாள். “சூப்பர்” என்கிறாள் ஒரு தோழி. “மொக்கை” என்கிறாள் மற்றொருத்தி. அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டரை மணி நேரம் அமர்ந்து பார்த்த ஒன்றுக்கு ஒரே சொல்லில் தீர்ப்பு! சந்தையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கும்போதுகூட நம் அம்மா இதைவிடப் பொறுமையாக இருக்கிறார். காம்பைப் பார்க்கிறார், திருப்பிப் பார்க்கிறார், புழு இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பின்புதான் கூடையில் போடுகிறார்.

முன்பெல்லாம் படம் பார்க்க வேண்டுமானால் கொட்டகைக்குச் செல்ல வேண்டும். மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்த கதையை நம் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். தெருவே ஒன்றாகச் சென்றது, ஒன்றாகச் சிரித்தது, வீடு திரும்பும் வழி நெடுகிலும் அந்தப் படத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது. இன்று அதே படம் நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. போர்வைக்குள் தனியே பார்க்கிறோம், தனியே முடித்துவிடுகிறோம். படங்கள் பெருகின; அவற்றைப் பற்றிய பேச்சோ சுருங்கிவிட்டது. அந்தப் பேச்சை மீண்டும் தொடங்கினால் என்ன என்ற எண்ணத்தில் எழுந்ததே இக்கட்டுரை. அண்மையில் நாங்கள் பார்த்த சில படங்களையும் தொடர்களையும் முன்வைத்து, கருத்துச் சொல்வது எப்படி என்பதைச் சற்று ஆராய்வோம்.

நம் மலையின் கதை

முதலில் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. லெனின் பாரதி இயக்கி 2018 ஆகஸ்டில் வெளிவந்த படம். தயாரித்தவர் நடிகர் விஜய் சேதுபதி; இசை, நம் மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. நம் தேனி மாவட்டத்து அடிவாரத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறிச் சுமை தூக்கும் ரங்கசாமி என்னும் தொழிலாளியின் கதை இது. தமக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்ப் போய், ஒருநாள் நிலம் அவருடையதாகிறது. பிறகு கடனில் அதையும் இழக்கிறார். இறுதியில், தாம் உழுத அதே மண்ணில் எழுந்து நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக அமர்ந்திருக்கிறார்.

“இந்தப் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லையே” என்று சொல்பவர் உண்டு. சண்டை இல்லை, துரத்தல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு மனிதர் தம் நிலத்தை இழப்பது ஒன்றுமே இல்லாத செய்தியா? நம் வகுப்பிலேயே எண்ணிப் பாருங்கள். விடியுமுன் ஜீப்பில் ஏறி இடுக்கி மலைக்கு ஏலக்காய் எடுக்கச் செல்லும் தாய்மார் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் எத்தனை பேர்! நம் மாணவியர் சிலரின் அம்மாவும் அத்தையும் அவர்களில் உண்டு. “ஒன்றுமே நடக்கவில்லை” என்ற சொல் அந்தப் பிள்ளையின் காதில் எப்படி விழும்? எங்கள் வீட்டில் நடப்பது கதையே இல்லை போலும் என்று அவள் வாயை மூடிக்கொள்வாள். உண்மையில் அந்தப் படத்தைப் பற்றிப் பேச நம்மில் அதிகத் தகுதி உடையவள் அவளே. மூட்டையை முதுகில் எப்படிக் கட்டுவார்கள், மழைக்காலத்தில் அட்டைக்கு என்ன செய்வார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். படத்தில் காட்டியது சரியா, தவறா என்று அவள்தான் சொல்ல முடியும்.

ஆகவே, சலிப்பு வேறு. படம் குறைபாடுடையது என்பது வேறு. “எனக்குச் சலிப்பாக இருந்தது” என்பது நம்மைப் பற்றிய செய்தி. “இந்த இடத்தில் கதை தேங்கி நிற்கிறது, ஏனெனில்...” என்பதுதான் படத்தைப் பற்றிய கருத்து.

வயலில் ஒரு முதியவர்

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. அப்பகுதி மண்ணில் எம். மணிகண்டன் எடுத்த படம் ‘கடைசி விவசாயி’. 2022 பிப்ரவரியில் திரையரங்கிலும், பின்னர் இணையத் திரையிலும் வெளிவந்தது. குலதெய்வத்துக்குப் படைக்கப் புது நெல் வேண்டும். ஊரில் பயிர் செய்பவரோ மாயாண்டி என்னும் முதியவர் ஒருவர்தான். அவர்மீது மயில்களைக் கொன்றதாகப் பொய் வழக்கு விழுகிறது. காவலில் இருக்கும் அவருக்குக் கவலையெல்லாம் தம்மைப் பற்றியதன்று. தண்ணீர் இல்லாமல் வாடும் நாற்றைப் பற்றியதே. கடைசியில் ஒரு காவலர் சென்று அந்தப் பயிருக்கு நீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது!

மாயாண்டியாக நடித்த நல்லாண்டி உண்மையிலேயே ஒரு விவசாயி. படம் வெளிவருமுன்னரே அவர் காலமாகிவிட்டார். 2021ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகள் 2023இல் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த தமிழ்ப் படமாக இது தேர்வாயிற்று. நல்லாண்டிக்குச் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது. படத்தில் அவர் நடக்கும் நடையைக் கவனியுங்கள். வரப்பில் கால் வைக்கும் பழக்கம் இல்லாத எவராலும் அந்த நடையை நடிக்க இயலாது. நடிப்பைப் பற்றிப் பேசும்போது, “நன்றாக நடித்தார்” என்பதோடு நில்லாமல் இப்படி ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டினால், கேட்பவரும் அதைப் பார்க்க ஆவல் கொள்வார்.

பாட்டியுடன் பார்த்த படம்

பழைய படங்களையும் இன்று எளிதாகக் காண முடிகிறது. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா இயக்கிய ‘கருத்தம்மா’ 1994இல் வந்தது. பெண்ணாகப் பிறந்த குற்றத்துக்காகக் கொல்லப்பட இருந்த ஒரு சிசு ஆசிரியர் ஒருவரால் காப்பாற்றப்படுகிறது. வளர்ந்து மருத்துவராகி அவ்வூருக்கே வருகிறது. குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது.

“ஒரே அழுகைப் படம்” என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் வீட்டில் பாட்டியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பாருங்கள். கள்ளிப்பாலும் நெல்மணியும் கதையில் மட்டும் இருந்தவை அல்ல என்பது புரியும். 1992இல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001இல் அது மதுரை, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுடன் நம் தேனி மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. இங்கு அதற்குத் தேவை இருந்தது என்பதுதானே அதன் பொருள்? கருவிலேயே ஆணா பெண்ணா என்று அறிவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1994ஆம் ஆண்டில்தான். இன்று சீருடை அணிந்து வரிசையில் நிற்கும் நாம், அந்தக் காலத்தைத் தாண்டி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். சில படங்கள் முடிந்த பின்புதான் வீட்டில் உண்மையான பேச்சு தொடங்குகிறது.

தூங்க விடாத தொடர்கள்

இனி, தொடர்களைப் பற்றி. புஷ்கர், காயத்ரி இருவரும் உருவாக்கிய ‘சுழல்’ 2022இல் எட்டுப் பகுதிகளாக அமேசான் பிரைமில் வந்தது. ஒரு சிற்றூரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில் ஒரு பெண் காணாமற்போவதே அதன் தொடக்கம். ஒவ்வொரு பகுதியும் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு முடிகிறது. அவிழ்ப்பதற்கு அடுத்த பகுதியைப் பார்த்தே ஆக வேண்டும். அதுவும் நாம் விரலை அசைக்காமலே சில நொடிகளில் தானாகத் தொடங்கிவிடுகிறது. இது வார இதழ்த் தொடர்கதையின் பழைய உத்திதான். ஆனால் அன்று அடுத்த வாரம் வரை காத்திருந்தோம். அந்த இடைவெளியில் யோசித்தோம், ஊகித்தோம். இன்று அந்த இடைவெளி இல்லை. எனவே, ஒரு பகுதி முடிந்ததும் நாமே நிறுத்துவதுதான் வழி.

பெற்றோருக்கு ஒரு செய்தி. திரையரங்கப் படங்களுக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் அளிக்கிறது. இணையத் தொடர்களுக்கு அந்த வாரியத்தின் சான்றிதழ் இல்லை. 2021இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, அவற்றை வெளியிடும் நிறுவனங்களே ‘யு’, 7+, 13+, 16+, ‘ஏ’ என வயது வகை குறிக்க வேண்டும். 13+ முதல் மேலுள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். ‘சுழல்’ போன்ற தொடர்கள் சிறு பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. ஆயினும் பூட்டு மட்டும் போதாது. பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் அம்மாவும் வேண்டும்.

தம்பி தங்கையருடன் பார்க்கத் தக்கது ஒன்று சொல்கிறோம்: ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மன், பெள்ளி தம்பதியர் ரகு என்ற தாயற்ற யானைக்குட்டியை வளர்த்த உண்மைக் கதை. கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கிய இந்த ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றது. முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். யானையைப் பற்றிய பேச்சோ ஒரு வாரம் நீளும்.

மூன்று கேள்விகள்

அடுத்த முறை யாரேனும் “படம் எப்படி?” என்று கேட்டால், விடை சொல்லுமுன் நம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். யாருடைய கதையை இது சொல்கிறது, யாரை விட்டுவிடுகிறது? எந்தக் காட்சியில் நம் மனம் மாறியது? நாம் நேரில் அறிந்த வாழ்க்கையோடு அது ஒத்துப்போகிறதா?

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. ஒரு படத்தை இகழ்வதும் புகழ்வதும் நம் உரிமை. காரணம் சொல்வது நம் கடமை. மலைச் சுமையும் நாற்றங்காலும் அறிந்த வீடுகளிலிருந்து வரும் மாணவியர் கூச்சமின்றி எழுந்து தம் கருத்தைச் சொல்லட்டும். அவர்கள் பேசும்போது மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்கட்டும். நாளை நம் தேவதானப்பட்டியைப் பற்றியே யாரேனும் ஒரு படம் எடுக்கலாம். அது உண்மையா என்று சொல்லும் தகுதி அன்று நம்மிடம் இருக்க வேண்டும்.