பரண் ஏறிய ஊர்ஜா

பெங்களூரு அடுகோடியில், ஓசூர் ரோடு பக்கம் இருக்கும் பாஷ் வளாகத்தைப் பழைய ஆட்கள் இன்றும் ‘மைக்கோ’ என்றுதான் சொல்கிறார்கள். 1951-ல் தொடங்கிய அந்த நிறுவனம் ஸ்பார்க் பிளக்கும், டீசல் இன்ஜினுக்கு எரிபொருள் செலுத்தும் பம்பும் செய்து பேர் வாங்கியது. பெயர் பாஷ் என்று மாறியது 2008-ல்தான். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு காற்று என்ற அளவு கொஞ்சம் பிசகினாலும் வண்டி கரும்புகை கக்கும். மைக்கோவில் வேலை பார்த்தவர்களுக்கு இது கைப்பாடம்.

அடுப்புக்கும் அதே கணக்குத்தான். அந்தக் கணக்கைச் சமையலறைக்குக் கொண்டுவந்தவர்கள் இதே நகரத்தில், மல்லேஸ்வரத்தைத் தாண்டி இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார்கள். பேராசிரியர் எச்.எஸ்.முகுந்தாவும் அவருடைய குழுவினரும் வடிவமைத்த பெல்லட் அடுப்பை, பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் இந்தியப் பிரிவு 2006 முதல் ‘ஊர்ஜா’ என்ற பெயரில் விற்றது. பிறகு அந்த வியாபாரத்தை ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டது. மொத்தம் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் விற்றன. விசிறி வைத்த விறகு வகை அடுப்பு ஒன்று வியாபாரமாக இவ்வளவு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம்.

அந்த அடுப்புகள் இன்று எங்கே? பெரும்பாலானவை பரணில். சிலவற்றில் விசிறி சுற்றுவதில்லை, சில புகைகின்றன, சிலவற்றின் வெளித்தகடு துருவேறிக் கிடக்கிறது. கேஸ் சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம் யாராவது அதைக் கீழே இறக்கித் தூசி தட்டுவார்கள். இதைச் சரிபண்ணி ஓட்டலாமா, காயலான் கடையில் போட்டுவிட்டு வேறு வாங்கலாமா என்ற கேள்வி அப்போது வரும்.

இதற்குப் பதில் சொல்ல அடுப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சாதாரண விறகடுப்பில் தீ கீழிருந்து மேலே ஏறும். ஊர்ஜாவில் தலைகீழ். கரும்புச் சக்கை, கடலைத்தோல் போன்றவற்றை அழுத்திச் செய்த பெல்லட்டை உள்கூட்டில் நிரப்பி, மேலே பற்றவைக்க வேண்டும். அடியில் இருக்கும் சின்ன விசிறி, சல்லடைத் தட்டு வழியாகக் கொஞ்சம் காற்றைக் கீழிருந்து அனுப்பும். அந்தக் காற்று போதாததால் பெல்லட் முழுசாக எரியாமல் வாயுவாக மாறி மேலே வரும். விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் துளைகள் வழியாக இன்னொரு பங்கு காற்று நுழைந்து அந்த வாயுவை எரிக்கும். நெருப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கடைசியில் கரி மட்டும் கனன்றுகொண்டிருக்கும்.

நிமிடத்துக்குச் சுமார் 12 கிராம் பெல்லட் என்ற வேகத்தில் அது எரிந்தது. 600 கிராம் போட்டால் ஏறக்குறைய 50 நிமிடச் சமையல். தண்ணீர் கொதிக்கவைக்கும் சோதனையில் பெரிய பாத்திரம் வைத்தால் 50 சதவீத வெப்பம் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக முகுந்தா குழுவினர் 2010-ல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். மூன்று கல் அடுப்பில் இதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிகம்.

இவ்வளவும் அந்தச் சின்ன விசிறியை நம்பித்தான். ஆகவே பழைய ஊர்ஜா புகைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றை. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் வெறும் அடுப்பில் விசிறியை ஓடவிட்டுப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். அரை மணி நேரத்தில் வேகம் குறைந்தால் பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது. ஓடவே இல்லை என்றால் விசிறியோ, வயரோ, சுவிட்சோ. உள்ளே இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை பேட்டரி. சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். வருடக்கணக்கில் சும்மா கிடந்தாலும் கெடும்.

இதற்காக அடுப்பையே தூக்கிப் போடுவது அநியாயம். அடுகோடிக்காரர்களுக்கு சிட்டி மார்க்கெட் பக்கம் எஸ்.பி. ரோடு, அதாவது சதர் பத்ரப்பா ரோடு, இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் சுற்றும் விசிறி முதல் ஒற்றை டயோடு வரை கடைக்குக் கடை தொங்கும் தெரு அது. பழைய விசிறியையும் பேட்டரியையும் கழற்றிக் கையோடு எடுத்துப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும். விசிறியின் மேல் எழுதியிருக்கும் வோல்ட் பொருந்த வேண்டும். அளவு பொருந்த வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதையும் பார்த்து மாட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை அவசியம். பழைய சார்ஜரை வைத்துக்கொண்டு லித்தியம் பேட்டரியைப் பொருத்தக் கூடாது. இரண்டுக்கும் சார்ஜ் ஏறும் முறை வேறு, சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

விசிறி நன்றாகச் சுற்றியும் புகைகிறதா? தட்டைத் திருப்பிப் பார்க்கலாம். வயல் கழிவிலிருந்து செய்த பெல்லட்டில் மரத்தைவிடச் சாம்பல் அதிகம். உமியை எடுத்துக்கொண்டால் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சாம்பலாக நிற்கும்; அதில் பெரும்பகுதி சிலிக்கா. பொட்டாசியமும் சேர்ந்தால் சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் இறுகித் துளைகளை அடைக்கும். ஒரு கம்பியும் பத்து நிமிடப் பொறுமையும் இருந்தால் போதும்.

உள்கூட்டில்தான் உண்மையான முடிவு இருக்கிறது. செராமிக் சுவரில் மயிரிழை விரிசல் பயப்படும்படியானதல்ல. துண்டு பெயர்ந்து விழுந்திருந்தாலோ, எரியும்போது வெளித்தகடு ஓர் இடத்தில் மட்டும் கொதித்தாலோ, மேல் துளைகள் உருக்குலைந்திருந்தாலோ அந்த அடுப்பை நம்ப முடியாது. காற்று போகக் கூடாத வழியில் போகிறது. எரியாத கார்பன் மோனாக்சைடு சமையலறைக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது. ஜன்னல் இல்லாத ஒற்றை அறை வீட்டில் இந்த நிலையில் உள்ள அடுப்பை ஒரு வேளைக்குக்கூட ஏற்றக் கூடாது.

இதுவரை சொன்னது அடுப்பைப் பற்றி. ஆனால் ஊர்ஜாக்கள் பரணுக்குப் போனதற்கு முக்கியக் காரணம் பேட்டரியும் அல்ல, செராமிக்கும் அல்ல. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் இந்த அடுப்பு விற்ற பகுதிகளில் 998 குடும்பங்களிடம் ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. ஊர்ஜா வாங்கிய வீடுகளில் 9 சதவீதம்தான் அதை இன்னும் எரித்துக்கொண்டிருந்தன. கட்டுப்படியாகும் விலையில் பெல்லட் கிடைக்காமல் போனதே இதற்குப் பெரிய காரணம். வாங்கியவர்களில் முன்னால் நின்றவர்கள் விறகில் புகைந்துகொண்டிருந்த வீட்டார் அல்ல, ஏற்கெனவே கேஸ் வைத்திருந்தவர்கள். சிலிண்டர் செலவைக் குறைக்கத்தான் வாங்கினார்கள். பெல்லட் விலை ஏறியதும் அந்தக் காரணமே கரைந்துபோனது.

‘விவசாயக் கழிவு’ என்ற சொல்லிலேயே ஒரு தவறான எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. கழிவு என்றால் சும்மா கிடைக்கும் என்று தோன்றுகிறது. கடலைத்தோலுக்கும் சக்கைக்கும் ஆலைப் பாய்லர் இருக்கிறது, செங்கல் சூளை இருக்கிறது, மாட்டுக் கொட்டகை இருக்கிறது. அதிக விலை கொடுப்பவரிடம் அது போய்விடும். தினம் அரைக் கிலோ பெல்லட் வாங்கும் குடும்பத்தால் பாய்லர் முதலாளியோடு போட்டி போட முடியாது.

ஆகவே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பு ஒரு பெருக்கல் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கிலோ கேஸில் சுமார் 11,000 கிலோ கலோரி வெப்பம். நல்ல பெல்லட்டில் சுமார் 4,000. கேஸ் அடுப்பில் 65 சதவீதமும் பழைய பெல்லட் அடுப்பில் 45 சதவீதமும் பாத்திரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டர் ஒன்று செய்யும் வேலைக்கு ஏறக்குறைய 56 கிலோ பெல்லட் தேவை. கடைக்காரர் சொல்லும் கிலோ விலையை 56-ஆல் பெருக்க வேண்டும். வரும் தொகை சிலிண்டர் விலையைத் தாண்டினால் அடுப்பைச் சரிபண்ணுவதில் காசு மிச்சமாகாது. கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டர் என்றால் 75-ஆல் பெருக்கலாம். வணிகச் சிலிண்டருக்கு மானியம் இல்லாததால் தள்ளுவண்டிக்கும் மெஸ்ஸுக்கும் கணக்கு பெரும்பாலும் வீட்டுக் கணக்கைவிடச் சாதகமாக வரும். பிறகு கடைசிக் கேள்வி: அந்த விலைக்கு அடுத்த மாதமும் பெல்லட் வருமா? ஒரு மூட்டை கிடைத்ததை வைத்து முடிவெடுத்தால் ஊர்ஜாவின் கதை இரண்டாம் முறை நடக்கும்.

தமிழ்நாட்டில் மரத்தூள் அடுப்பில் சமைத்த தலைமுறைக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தோன்றலாம். தகர டப்பாவின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவினால் அடுப்பு தயார். மர அறுவை மில் பக்கத்தில் இருந்தவரை தூளுக்குப் பஞ்சமில்லை. அதில் கெட்டுப்போக எதுவும் கிடையாது. ஆனால் அது கக்கிய புகைக்குப் பெண்களின் நுரையீரல் விலை கொடுத்தது. விசிறி வந்ததே அதைத் தடுக்கத்தான். அதனால் விசிறி நின்றுபோன ஊர்ஜாவை விறகடுப்பாக மாற்றி எரிப்பதை இந்தக் கட்டுரை பழுதுபார்த்தல் என்று ஏற்காது.

பழுதுபார்க்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் பெரிய உதாரணங்கள் உண்டு. 1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசு 3 கோடிக்கும் மேற்பட்ட புகையில்லா அடுப்புகளைக் கொடுத்தது. அறிவியல் கழகத்தின் ‘அஸ்திரா ஒலே’ அடுப்பு கர்நாடகக் கிராமங்களுக்குப் போனதும் அந்தக் காலத்தில்தான். பின்னர் ஒடிசாவில் ரீமா ஹன்னாவும் மைக்கேல் கிரீன்ஸ்டோனும், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டஃப்லோவும் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். புகைக்குழாய் வைத்த புது அடுப்பு வந்த முதல் வருடம் வீட்டார் சுவாசித்த புகை குறைந்தது. அடுத்தடுத்த வருடங்களில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அடுப்பைத் தொடர்ந்து எரிக்கவில்லை. உடைந்ததைச் சரிபண்ணவும் இல்லை. சோதனைக்கூடத்தில் நல்ல பேர் வாங்கிய அடுப்பு வீட்டில் தோற்றது.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் பெல்லட் ஸ்டவ் வேறு ஜாதி. பெரிய இயந்திரம், பெல்லட்டைத் தள்ளும் திருகு, தானே பற்றவைக்கும் கம்பி, புகையை வெளியேற்றும் விசிறி, எல்லாவற்றையும் ஆளும் எலெக்ட்ரானிக் போர்டு. அங்கே போர்டு போனால்தான் வீட்டுக்காரர் யோசிப்பார். ஊர்ஜா அவ்வளவு சிக்கலானதல்ல. அதுவே அதன் பலம்.

மாற்றுவது என்று முடிவானால் வழி பல. கேஸ் இணைப்பு இல்லாத வீட்டுக்கு 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டம் இருக்கிறது. கேஸ் இருப்பவர்கள் இரண்டாவது அடுப்பாகக் கரண்ட் இண்டக்‌ஷனை வைத்துக்கொள்கிறார்கள். பெல்லட் நிச்சயமாகக் கிடைக்கும் இடத்தில் இன்னொரு விசிறி அடுப்பே வாங்கலாம். அப்போது இந்தியத் தர முத்திரை எண் 13152 இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. விசிறி அடுப்பு குறைந்தது 35 சதவீத வெப்பத் திறன் காட்ட வேண்டும் என்று அந்தத் தரம் சொல்கிறது. விசிறியும் பேட்டரியும் தனியாக விற்கிறார்களா என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

பெரிய சமையல் நடக்கும் இடங்களில் நிலவரம் வேறு. வீட்டு வியாபாரம் படுத்த பிறகு ஃபர்ஸ்ட் எனர்ஜி ஓட்டல்கள், கேன்டீன்கள் பக்கம் திரும்பியது. அடுகோடியையும் கோரமங்களாவையும் சுற்றி இருக்கும் பி.ஜி. விடுதிகளைப் போன்ற சமையல் கூடங்களுக்குப் பெல்லட்டை டன் கணக்கில் இறக்க முடியும். விலை பேசவும் முடியும். புளோயர் நேரடிக் கரண்டில் ஓடுவதால் பேட்டரிக் கவலை இல்லை. மழைதான் எதிரி. ஈரம் ஏறிய பெல்லட் ஊதிப் பொலபொலவென்று தூளாகிவிடும். பலகை மேல் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிய சரக்கறை இல்லாமல் பர்னரைச் சரிபண்ணுவது வீண் செலவு.

முடிவு எப்படியானாலும் காயலான் கடைக்குப் போகும் அடுப்பிலிருந்து பேட்டரியைத் தனியே கழற்றிவிட வேண்டும். தகட்டோடு சேர்த்து நசுக்கவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுக்கலாம். விசிறி ஓடினால் அதை எடுத்து வைக்கலாம். தெருவில் இன்னொரு வீட்டுப் பரணிலிருந்து உள்கூடு நன்றாக இருக்கும் ஊர்ஜா ஒன்று கீழே இறங்கும்போது அதற்குப் பொருந்தும்.