அந்தமான் கடற்கரைக் குடிலில் தங்க விரும்புவோர்க்கு

கோடை விடுமுறை தொடங்கியதும் நாகபுரித் தமிழ்க் குடும்பங்கள் தென்திசை நோக்கி இரயிலேறுவது நெடுநாளைய வழக்கம். ஊருக்குச் சென்று, பாட்டி வீட்டு முற்றத்தில் உறங்கி, குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டுத் திரும்பினால் விடுமுறை நிறைந்துவிடும். அண்மையில் நம் சங்கத்து அன்பர் பலருக்கு வேறோர் ஆசையும் பிறந்திருக்கிறது. அந்தமான் தீவில், அலை வந்து தொடும் தூரத்தில், பெருமரங்களின் நிழலில், மூங்கிற் குடில் ஒன்றில் நான்கு நாள் தங்கிவர வேண்டும் என்பதே அது. நாட்டின் நடுமையத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் கடலையே கண்டதில்லை. ஆகவே இந்த ஆசையை வீண் ஆடம்பரம் என்று நாம் தள்ளிவிட மாட்டோம்.

ஆயினும் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பும், அலுவலகத்தில் அரிதாய்க் கிடைத்த விடுப்பும் இதற்கே செலவாகிவிடும். படத்தில் குடிலும் கடலும் தெரிகின்றனவே தவிர, கழிப்பறை எங்கே, நன்னீர் எவ்வளவு, படகு வராத நாளில் என்ன செய்வது என்பவை தெரிவதில்லை. நாங்கள் மூன்று குடும்பத்தார், முதியோரும் சிறுவருமாக ஒன்பது பேர், முன்பு ஒரு சித்திரை மாதத்தில் அங்கே சென்று வந்தோம். அதனால் அறிந்தவற்றையும் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் காலத்தைப் பற்றிய சிக்கல். அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் இரண்டு மடங்கு. தென்மேற்குப் பருவமழை இந்திய நாட்டிற்குள் நுழையுமுன் அந்தமான் கடலைத்தான் முதலில் அடைகிறது. வழக்கமாக மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அங்கே மழை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் மழையும் புயலும் உண்டு. கடல் அமைதியாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரையில். நம் பிள்ளைகளின் தேர்வோ ஏப்ரலில்தான் முடிகிறது. ஆக, பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமுமே எஞ்சுகின்றன. தீபாவளி விடுமுறையில் போகலாமே என்று கேட்போர்க்கு நாம் துணிந்து ஒப்புதல் தரமாட்டோம். பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள் மாசி மாதத்தைத் தேர்ந்துகொண்டால் வெயிலும் குறைவு, கடலும் சாது.

இனி வழி. நம் இரயில்வே அன்பர்கள் கவனிக்க வேண்டும்: கையிலுள்ள பாஸ் சென்னையோடோ ஹவுராவோடோ நின்றுவிடும், அதற்கப்பால் கடல் இருக்கிறது. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் பயணிகள் கப்பல் செல்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1200 கிலோமீட்டர்; மூன்று நாட்பயணம். விமானத்திலோ இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். கப்பற் பிரயாணம் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுதும் நினைவில் நிற்கும் என்பது உண்மையே. ஆனால் கப்பலின் தேதி நம் இரயில் அட்டவணையைப்போல் ஆண்டுக்கணக்கில் அச்சிட்டுத் தொங்கவிடப்படுவதன்று. இரண்டொரு நாள் முன்பின் நகரும். மூன்று வார விடுப்பு உள்ளவர்கள் போகும்போது கப்பலிலும் திரும்பும்போது விமானத்திலும் வரலாம். இரண்டு வாரமே உள்ளவர்கள் இரு வழியும் விமானத்தையே நாடுவது நன்று.

விமானம் இறங்குமிடம் நாம் போர்ட் பிளேர் என்று படித்த நகரம். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினர். அங்கிருந்து ஹாவ்லாக் தீவுக்குப் படகேற வேண்டும். இத்தீவும் 2018 டிசம்பர் முதல் சுவராஜ் தீவு என்று வழங்குகிறது. பயணச் சீட்டிலும் விடுதிக் கடிதத்திலும் இரண்டு பெயர்களும் கலந்து வரும், திகைக்க வேண்டாம். அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் ஆகலாம். தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி. அரசுப் படகில் கட்டணம் மிகக் குறைவு, இடமும் மிகக் குறைவு.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தீவிலிருந்து திரும்பும் நாளன்றே விமானம் ஏறத் திட்டமிடாதீர்கள். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும்; அதற்கு யாரையும் நொந்து பயனில்லை. 2016 டிசம்பரில் வங்கக் கடலில் உருவான புயற்சின்னத்தால் படகுகள் நின்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹாவ்லாக்கிலும் நீல் தீவிலும் சில நாட்கள் சிக்கிக்கொண்டனர். கடற்படையும் கடலோரக் காவற்படையும் கப்பல்களை அனுப்பி அவர்களை மீட்டு வந்தன. ஆகவே திரும்புகையில் நகரத்தில் முழுதாக ஒரு நாளேனும் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் வைத்தால் இன்னும் நிம்மதி. அந்நாள் வீணாகிவிடாது. செல்லுலார் சிறையைக் காணலாம். தமிழர் ஏராளமாக வாழும் நகரமாதலால் இட்டலிக்கும் சாம்பாருக்கும் குறைவில்லை. தமிழில் வழி கேட்டுக்கொண்டே ஊரைச் சுற்றி வரலாம்.

தீவில் எந்தக் கரையில் தங்குவது? இதை நிதானமாக யோசிக்க வேண்டும். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் 1950-களில் இத்தீவில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் ஊர்களுக்குக் கோவிந்த நகர், விஜய நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்றெல்லாம் பெயர் வழங்கலாயின. கரைகளுக்கோ எண்கள்: மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர், ஏழாம் நம்பர் என்றுதான் ஆட்டோக்காரரும் சொல்வார். மலிவான குடில்கள் பெரும்பாலும் கிழக்குப் புறத்தில், மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையே இருக்கின்றன. ஏழாம் நம்பரான ராதா நகர் மேற்கே இருக்கிறது; அகன்ற வெண்மணல், பின்புறம் அடர்ந்த காடு.

கிழக்குக் கரையில் காலையில் கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் குடில் வாயிலிலிருந்தே காணலாம். ஆனால் அங்கே நீர் வற்றும் வேளையில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். பாறையும் இறந்த பவழமும் வெளிப்பட்டுக் கிடக்கும். அப்போது நீராட இயலாது. வெறுங்காலுடன் நடந்தால் பாதம் கிழியும். அங்கே நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. அவ்வேளை தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 6 மணிக்குக் கரை நிறைய நிற்கும் நீர், ஏழு நாள் கழித்து அதே 6 மணிக்கு வற்றிக் கிடக்கும். நம் வீடுகளில்தான் பஞ்சாங்கம் இருக்கிறதே! அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. அட்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறைவு. நாள் குறிக்குமுன் பஞ்சாங்கத்தையும் போர்ட் பிளேருக்குரிய கடல்நீர் ஏற்ற அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணி பார்த்து வேலை செய்து பழகிய நமக்கு இது முதலில் விந்தையாகத் தோன்றும். அங்கே எந்நேரம் குளிக்கலாம் என்பதைச் சந்திரன்தான் முடிவு செய்கிறான். மேற்குக் கரையில் மணல் அடித்தளமாதலால் இந்தத் தொல்லை குறைவு.

கடிகாரத்தைப் பற்றி இன்னொன்று. அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளியிருப்பினும் நம் இந்திய நேரத்தையே கைக்கொள்கிறது. சித்திரை மாதத்தில் காலை 5 மணிக்கெல்லாம் விடிந்துவிடும், மாலை 5.30 மணி அளவில் சூரியன் மறைந்துவிடும். நாகபுரியில் அப்போது இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். பத்து மணிக்கு எழுந்து பலகாரம் உண்டு புறப்படுவோர்க்கு அந்நாளில் பாதி போய்விட்டிருக்கும்.

காட்டைப் பற்றிச் சிறிது. கடலுக்கும் காட்டுக்கும் இடையே வெட்டவெளியே இல்லாதபடி மரங்கள் மணல் வரை இறங்கி வந்து நிற்பதுதான் அத்தீவின் அழகு. கரையோரத்தில் கவிந்து நிற்கும் நெடுமரத்தைக் கடல் மஹுவா என்கிறார்கள். அது நம் பாலை மரத்தின் நெருங்கிய உறவு. உள்ளே சென்றால் கர்ஜன் மரம் கோயில் தூணைப்போல் கிளையின்றி வான் நோக்கி எழுகிறது. படாக் என்னும் செம்மரத்தின் அடிப்பாகம் பலகை பலகையாக விரிந்து மண்ணைப் பற்றுகிறது. பிரம்புக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவுகின்றன. இம்மரங்களை வெட்டி யானைகளைக்கொண்டு இழுத்த காலம் ஒன்று இருந்தது. வணிகத்துக்காக இயற்கைக் காட்டை அழிப்பதற்கு 2002-இல் உச்ச நீதிமன்றம் கடுந்தடை விதித்தபின் கோடரி ஓய்ந்தது. விறகுக்காகவும் படத்துக்காகவும் கிளை ஒடிக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி வையுங்கள். சங்கும் பவழமும் பொறுக்கி வருவதும் ஆகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பவழமும் பலவகைச் சங்குகளும் பாதுகாக்கப்பட்டவை. விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிப்பார்கள்.

அலையாத்திக் காடும் ஓடை முகங்களும் உள்ள இடங்களில் உவர்நீர் முதலை உண்டு. இதை வெறும் கதையென்று எண்ணலாகாது. 2010 ஏப்ரலில் ராதா நகர்க் கரையை அடுத்த சிறு குடாவில் நீந்திய வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் முதலைக்கு இரையானார். ஆகவே காவலர் நிற்கும் இடத்தில், பகலில், அவர் காட்டும் எல்லைக்குள் மட்டுமே நீராடுவது. அந்தி சாய்ந்தபின் நீரில் இறங்குவதேயில்லை என்று எங்கள் குழுவில் விதி வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். மேலும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையை அந்தமான் மறக்கவில்லை. குடிலுக்குப் போனவுடன் மேட்டுக்குச் செல்லும் பாதை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலம் பலமாக அதிர்ந்தால் யாருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுக்கு நடக்க வேண்டும்.

வழிகாட்டிகள் சிலர் ஜாரவா மக்கள் வாழும் காட்டு வழியே கூட்டிச் செல்வதாக ஆசை காட்டுவார்கள். 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் பழங்குடியினர் நிலத்தைக் காக்கிறது. அவர்களைப் படம்பிடிப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மனிதரைக் காட்சிப் பொருளாகக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது நமக்கு அழகா?

கடைசியாகக் குடிலுக்கு வருவோம். மூங்கிற் சுவர், ஓலைக் கூரை, கால் நட்டு உயர்த்திய தளம், ஒரு கொசுவலை, ஒரு மின்விசிறி. இதுதான் குடில். மின்சாரம் போய்ப்போய் வரும். கோடையில் அத்தீவில் நன்னீர் தட்டுப்பாடு உண்டு. நாகபுரிக் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற நமக்கு இது புதிதன்று. பூரான் பெரிது, கடியும் பொல்லாதது. காலணியை உதறிப் போடவேண்டும். மணலில் கண்ணுக்குத் தெரியாத சிற்றீக்கள் உண்டு. அவை கடித்த இடம் பல நாள் அரிக்கும். வெறும் மணலில் படுக்காமல் பாயோ துணியோ விரித்துக்கொண்டால் ஓரளவு தப்பலாம். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதும் உதவுகிறது.

எங்கள் அன்னையார்க்கு முழங்கால் வலி. அதைச் சொல்லியே ஒரு விடுதியில் இடம் கேட்டிருந்தோம். எல்லா வசதியும் உண்டு என்றார்கள். போய்ப் பார்த்தால் குடிலுக்கு ஏழு படி. கழிப்பறையோ தென்னைகளுக்கு நடுவே நெடுந்தூரம். இரவில் டார்ச் விளக்குடன் இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. மறுநாளே பக்கத்து விடுதியில் தரையோடு கட்டிய அறைக்கு மாறினோம். ஆகவே தொலைபேசியில் 'வசதி உண்டா' என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. எத்தனை படி, கழிப்பறை அறையோடு சேர்ந்ததா, மேல்நாட்டு முறையா, இரவில் தண்ணீர் வருமா, சமையலில் மீன் படாத பாத்திரம் தனியே உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சமைப்போர் பெரும்பாலும் வங்காளிகள். சோறும் பருப்பும் நன்றாகவே கிடைக்கும், ரசம் கிடைக்காது. பொடி கொண்டு போங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்தபின் தொலைபேசி சீர்பட்டிருப்பதால், குடிலின் படியையும் கழிப்பறையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லியும் கேட்கலாம்.

தீவில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்குக் கடல் தாண்டி நகரத்துக்கே வரவேண்டும். முதியோரின் மருந்து, திட்டமிட்ட நாளைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே பெட்டியில் இருக்கட்டும்.

முன்பணம் அனுப்புவதில் ஒரு வரிசை உண்டு. விமானச் சீட்டு முதலில். படகுச் சீட்டு அடுத்தது. இவ்விரண்டும் உறுதியான பின்னரே குடிலுக்குப் பணம். சித்திரையில் செல்ல எண்ணும் அன்பர்கள் மார்கழி முடிவதற்குள் விமானச் சீட்டை வாங்கிவிடுவது நலம். தை பிறந்தபின் விலை ஏறிக்கொண்டே போகிறது.