ஓப்பன் எஸ்எஸ்எச்

ஓப்பன் எஸ்எஸ்எச் என்பது பாதுகாப்பற்ற வலையமைப்பின் ஊடாக வேறொரு கணினியைப் பாதுகாப்பாக அணுகி இயக்கவும், கோப்புகளைப் பரிமாறவும் உதவும் திறந்த மூல மென்பொருள் தொகுதி ஆகும். இதனை ஓப்பன் பிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தினர் உருவாக்கிப் பராமரித்து வருகின்றனர். லினக்சு, மாக், விண்டோசு ஆகிய இயங்குதளங்களிலும் இது பயன்படுகின்றது.

வரலாறு

டெல்நெட், ஆர்லாகின் போன்ற பழைய கருவிகள் கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யாமல் அப்படியே அனுப்பின. வலையமைப்பை ஒற்றுக்கேட்பவர் அதனை எளிதில் படிக்க முடிந்தது. 1995 ஆம் ஆண்டில் பின்லாந்தின் எல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் இவ்வாறு கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதனைத் தொடர்ந்து, அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு இலோனென் எஸ்எஸ்எச் நெறிமுறையையும் அதற்கான மென்பொருளையும் உருவாக்கினார்.

அம்மென்பொருளின் பிந்தைய பதிப்புகளுக்கு உரிமக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஆகவே ஓப்பன் பிஎஸ்டி திட்டத்தினர் கட்டற்ற பழைய பதிப்பொன்றை அடிப்படையாகக் கொண்டு ஓப்பன் எஸ்எஸ்எச்சை உருவாக்கி, 1999 டிசம்பரில் வெளியிட்டனர். குறைபாடுகள் கொண்ட முதலாம் நெறிமுறைக்கான ஆதரவு 2017 இல் முற்றாக நீக்கப்பட்டது.

செயற்படும் முறை

வழங்கி பொதுவாக 22 ஆம் எண் துறையில் இணைப்புக்காகக் காத்திருக்கும். இணைப்பு தொடங்கியதும் இரு கணினிகளும் திறவிப் பரிமாற்றம் மூலம் ஓர் இரகசியத் திறவியை உருவாக்கிக் கொள்கின்றன. அத்திறவி வலையமைப்பில் அனுப்பப்படுவதில்லை. அதன்பின் செல்லும் தரவுகள் அனைத்தும் மறையாக்கம் செய்யப்படுகின்றன.

வழங்கியை அடையாளம் காணல்

முதன்முறை இணையும்போது வழங்கியின் பொதுத் திறவியிலிருந்து கணிக்கப்பட்ட 'கைரேகை' திரையில் காட்டப்பட்டு, பயனரின் ஒப்புதல் கேட்கப்படும். பலர் இதனைச் சரிபார்க்காமலே ஒப்புக்கொள்கின்றனர். இடையில் ஒருவர் வழங்கி போல நடித்தால், மறையாக்கம் எவ்வளவு வலிமையானதாயினும் பயன் இல்லை; கடவுச்சொல் அவரிடமே சென்றுசேரும். எனவே கைரேகையை வழங்கியின் நிர்வாகியிடம் வேறு வழியில் பெற்று ஒப்பிடுதல் வேண்டும். ஏற்கப்பட்ட திறவி பயனரின் கணினியில் சேமிக்கப்படும். பின்னர் அது மாறினால் எச்சரிக்கை தோன்றும். வழங்கியில் இயங்குதளம் மீண்டும் நிறுவப்பட்டிருக்கலாம்; தாக்குதலாகவும் இருக்கலாம்.

பயனர் திறவிகள்

எஸ்எஸ்எச்-கீஜென் என்னும் கருவி பொதுத் திறவி, தனித் திறவி என்னும் இணையை உருவாக்கும். பொதுத் திறவி வழங்கியில் பதியப்படும். தனித் திறவி பயனரின் கணினியை விட்டு வெளியே செல்வதில்லை. அதனைக் கொண்டு இடப்படும் கையொப்பம் அந்த இணைப்புக்கு மட்டுமே செல்லும். தனித் திறவிக் கோப்பு திருடப்பட்டால் உடனே பயன்படாதிருக்க, அதற்குக் கடவுத்தொடர் இடுதல் நல்லது.

டெபியன் வழு

திறவியின் வலிமை, அதனை உருவாக்கும் எண்கள் முன்கூட்டி ஊகிக்க முடியாதவையாக இருப்பதைப் பொறுத்தது. 2006 இல் டெபியன் லினக்சின் ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலகத்தில் செய்யப்பட்ட மாற்றம் ஒன்றினால் இப்பண்பு கெட்டது. ஒரு கணினிக் கட்டமைப்பில், குறித்த வகையும் நீளமும் கொண்ட திறவிகளுக்கு 32,767 வாய்ப்புகளே எஞ்சின. அவை அனைத்தையும் ஒரு தாக்குநர் முன்னரே கணித்து வைத்துக்கொள்ள முடியும். மூலநிரல் எவரும் பார்க்கக்கூடியதாக இருந்தும், 2008 மே மாதத்தில்தான் இவ்வழு வெளியிடப்பட்டது. மென்பொருளைத் திருத்துவது மட்டும் போதுமானதாக இருக்கவில்லை; அக்காலத்தில் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவாக்கப்பட்ட பழைய திறவிகளை வழங்கிகளிலிருந்து நீக்கிப் புதியவற்றை உருவாக்க வேண்டியிருந்தது.